நூலகத் தந்தை சீர்காழி இரங்கநாதன்

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. குடும்ப அட்டை, பட்டா, என் மதிப்பெண் பட்டியல்கள், வரி ரசீதுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். சென்ற விடுமுறையில் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அந்தப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தபோது வீட்டு வரி ரசீது ஒன்று கைக்கு வந்தது. வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு சிறு தொகை தனியாக எழுதப்பட்டிருந்தது. என் தந்தையார் கையெழுத்துப் போட மட்டுமே கற்றவர். இத்தனை ஆண்டுகளாக அவர் நூலகத்துக்கு வரி கட்டி வந்திருக்கிறார் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு மனிதரின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது என்பதைக் கல்லூரி நூலகத்தில் படித்தறிந்து வியந்தேன். அவர் கணித ஆசிரியராக இருந்தவர் என்று தெரிந்ததும், கணிதம் பயிலும் எனக்கு ஈடுபாடு இன்னும் மிகுந்தது. அப்பெருமகனாரைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியவரை எழுத முற்படுகிறேன்.

சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்தபின் மங்களூர், கோவை அரசுக் கல்லூரிகளிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நம்முடையதைப் போன்ற அரசுக் கல்லூரி வகுப்பறைகளில் சுண்ணக்கட்டியோடு நின்றவர் அவர் என்று எண்ணும்போது நமக்கெல்லாம் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது அல்லவா?

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகரைத் தேடியது. ஆசிரியப் பணியைவிட அதில் ஊதியம் மிகுதி. நண்பர்கள் தூண்ட, இரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகப் பணி என்றால் என்னவென்று அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நேர்காணலுக்குச் சில நாட்களுக்கு முன்னர் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, அதிலிருந்த நூலகக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சென்றாராம். வேலையும் கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

சில நாட்களிலேயே அவருக்கு அந்த வேலை கசந்துவிட்டது. வருவார் போவார் அதிகம் இல்லை. மாணவர் நிறைந்த வகுப்பில் நின்று பழகியவருக்கு அந்த அமைதி சிறைபோல் தோன்றியது. மீண்டும் கணிதத்துக்கே அனுப்பிவிடும்படி மேலிடத்தில் சென்று மன்றாடினார். முதலில் இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், அதன் பின்னும் பிடிக்கவில்லையென்றால் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று அவர்கள் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். இந்திய நூலக வரலாறே திரும்பிய இடம் இதுதான் என்பேன்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் நூலகரிடம் பாடம் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். தொழிலாளி வேலை முடிந்து வந்து படிக்கிறார், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, பெண்கள் வருகிறார்கள், யார் வந்தாலும் அவர்களுக்கு வேண்டிய நூலை எடுத்துத்தர ஆள் இருக்கிறது. நம் நாட்டிலோ அந்நாளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே சிறு தொகையினர். அந்த வேற்றுமை அவர் நெஞ்சைத் தைத்தது. கணிதத்துக்குத் திரும்பும் எண்ணம் அங்கேயே கரைந்துபோயிற்று.

அந்நகரத்துச் செல்ஃபிரிட்ஜஸ் அங்காடியில் அவர் கண்ட ஒரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள் அங்கே வைக்கப்பட்டிருந்தது. ஓட்டையிட்ட தகடுகள், திருகாணிகள், மரைகள், சில கம்பிகள். இவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு முறை பாலமாகும், ஒரு முறை பாரந்தூக்கியாகும். நூல்களை வகைப்படுத்துவதில் தம்மை உறுத்திக்கொண்டிருந்த சிக்கலுக்கு இதில் விடை இருப்பதாக அவருக்குப் பளிச்சென்று பட்டது. அதுவரை பெரிதும் வழங்கி வந்தது அமெரிக்கர் டூயி 1876இல் வெளியிட்ட பதின்ம முறை. அறிவுலகை முதலிலேயே பத்து அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாகப் பகுத்துக்கொண்டே போகும் முறை அது. புதிதாக ஒரு பொருள் தோன்றினால் அதற்கு அறை இருக்காது. இரங்கநாதனின் முறையில் அறைகள் இல்லை, உறுப்புகள் உண்டு. நெற்பயிரில் வரும் நோயைப் பற்றித் தஞ்சை மாவட்டத்தில் ஒரு காலத்தில் செய்த ஆய்வு என்று ஒரு நூல் வருகிறது என வைத்துக்கொள்வோம். வேளாண்மை என்பது துறை. நெல், நோய், இடம், காலம் ஆகியவை தனித்தனி உறுப்புகள். அவற்றுக்குரிய குறிகளை எடுத்துப் பூட்டினால் அந்நூலுக்குரிய எண் கிடைத்துவிடும். பூட்டும் திருகாணியாக அவர் முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். ஆகவேதான் 1933இல் வெளியான அம்முறை கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது. பகாஎண்களைப் பெருக்கி எல்லா எண்களையும் ஆக்கலாம் என்று படித்த எனக்கு இதில் கணிதத்தின் மணமே வீசுகிறது.

1925இல் தாயகம் திரும்பியவர் வேறு மனிதராக இருந்தார். பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகரே நூலைத் தொட்டு எடுக்கும்படி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுமுறையின்றி நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார் என்பர். முதல் மனைவியார் மறைந்தபின் 1929இல் சாரதா அம்மையாரை மணந்த நாளன்றே வேலைக்குத் திரும்பிவிட்டாராம். இதைப் பெருமையாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். என் தாயாரிடம் சொன்னபோது அவர் அந்த அம்மையாருக்காகப் பரிதாபப்பட்டார். எனக்கும் அதில் உடன்பாடுதான்.

1931இல் வெளியிட்ட நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பது அவற்றுள் முதலாவது. இது கூடவா ஒரு விதி என்று சிலர் நகைக்கக்கூடும். நான் பயின்ற ஒரு பள்ளியில் நூல் அலமாரி ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு வழியே விண்மீன்களைப் பற்றிய ஒரு நூலின் முதுகு தெரியும். ஐந்தாண்டுகளில் அதிகாரிகள் பார்வையிட வந்த நாட்களில் மட்டுமே அந்த அலமாரி திறந்ததைக் கண்டேன். அந்நூலின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. பூட்டு ஒன்றுக்காகவே ஒரு விதி வேண்டும் என்பதை நான் அறிவேன். மற்ற விதிகளும் வாசகரைச் சுற்றியே அமைந்தவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை வீணாக்காமை, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்னும் உணர்வு.

ஒரு பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இவ்விதிகள் வாழ்ந்து பயனில்லை என்று அவர் கருதினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார். நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். 1931இல் மன்னார்குடியில் கனகசபை பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பினாரே, அதற்கும் இரங்கநாதனின் தூண்டுதலே காரணம். ஆயினும் தனியார் கொடையை நம்பிய நூலகம் கொடுப்பவர் மறைந்தால் மூடிவிடும். சட்டமும், நிலையான வருவாயும் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1930 டிசம்பரில் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 1933இல் சென்னை சட்டசபையில் மசோதா வந்தும் சட்டமாகவில்லை. அவர் சலிக்கவில்லை. விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதலாவது. வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரையணா, நூலகத்துக்கு என்று ஆயிற்று. அரையணா அற்பமே. ஆனால் ஆண்டுதோறும் வரும். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

சட்டம் வந்தபோது அவர் சென்னையில் இல்லை. 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் தில்லிக்கும் சென்றுவிட்டார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியரானார். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, நூலக இயலுக்கு மனைவியார் பெயரில் பேராசிரியர் இருக்கை அமைத்தார். இதைக் கேட்டபின் என் தாயார் சற்றுச் சமாதானமடைந்தார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் மறைந்தார். ஆகஸ்டு 12 நாடெங்கும் நூலகர் நாளாக அவர் நினைவில் கொண்டாடப்படுகிறது.

அந்த ரசீதைத் தந்தையாரிடம் காட்டி இதையெல்லாம் விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வரி கட்டியும் தங்கையின் பெயர் ஏன் இன்னும் நூலகத்தில் இல்லை என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே மிதிவண்டியில் அவளை அழைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனார். அவள் அலமாரிகளிடையே நூல் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுதும், அவர் செய்தித்தாள் மேசையில் அமர்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.