செல்போர்ன் ஆமையும் கில்பர்ட் ஒயிட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஓர் உயிரை அறிவது வேறு. அதன் இனத்தை அறிவது வேறு. இதற்கு இங்கிலாந்து இயற்கையியலார் கில்பர்ட் ஒயிட்டின் வாழ்க்கை நல்லதொரு சான்று.

ஹாம்ப்ஷயரில் உள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் 1720ஆம் ஆண்டு ஒயிட் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று சமயகுருவானார். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறந்த ஊரிலேயே கழித்தார். ஊரின் தோட்டமும் குன்றும் ஓடையுமே அவருடைய ஆய்வுக்கூடம். உருவில் ஒன்றுபோல் தோன்றிய மூன்று சிறு பறவையினங்களைக் குரலைக் கொண்டே பிரித்தறிந்தார். மண்புழு நிலத்துக்குச் செய்யும் நன்மையை டார்வினுக்கு முன்பே எழுதினார்.

1780இல் ரிங்மர் என்ற ஊரில் அவருடைய அத்தை ரெபேக்கா ஸ்னூக் மறைந்தார். அந்த அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வளர்த்த நில ஆமைக்குத் ‘திமொத்தி’ என்று பெயர். ஒயிட் அதனைக் குதிரை வண்டியில் 80 மைல் கடந்து தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். குளிர் தொடங்கும் நவம்பரில் அது மண்ணுக்குள் புதைவதையும், வசந்தத்தில் வெளிவருவதையும் நாள் தவறாமல் குறித்தார். மழைக்கு அஞ்சி அது ஒதுங்குவதைக் கவனித்தார். எடை போட்டும் பார்த்தார். 1789இல் வெளிவந்த அவருடைய செல்போர்ன் இயற்கை வரலாற்று நூலில் அந்த ஆமைக்கும் இடமுண்டு.

1793இல் ஒயிட் மறைந்தார். அடுத்த ஆண்டே ஆமையும் இறந்தது. அதன் ஓடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆண் பெயரால் அழைக்கப்பட்ட திமொத்தி உண்மையில் பெண் என்பதை அந்த ஓடே உணர்த்தியது! நில ஆமைகளில் ஆணின் அடியோடு பெரும்பாலும் நடுவில் குழிந்திருக்கும். பெண்ணுக்குத் தட்டையாக இருக்கும். 1836இல் பென்னட் என்ற அறிஞர் அதற்கு ஒயிட்டின் பெயரையே சிற்றினப் பெயராகச் சூட்டினார். இன்று அது மத்தியதரைக் கடல் பகுதியில் வாழும் டெஸ்டுடோ கிரீக்கா என்ற சிற்றினத்தில் அடங்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊர் ஏரி ஆமை எந்த மாதம் கரையேறும் என்பது ஆடு மேய்க்கும் என் தந்தையாருக்குத் தெரியும். அதன் சிற்றினப் பெயர் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும், மாதம் தெரியாது. ஓட்டைப் பார்த்து இனம் கூறலாம். அது எப்படி வாழ்ந்தது என்பதை ஓடு கூறாது. அதைக் கூறுவன ஒயிட்டின் நாட்குறிப்புகளே.

ஆகவே, வரும் மழைக்காலம் முதல் தந்தையார் சொல்வதையும் நான் காண்பதையும் தேதியிட்டு எழுதிவைக்க எண்ணியுள்ளேன். நண்பர்களே, நீங்களும் உங்கள் ஊரில் இதைத் தொடங்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.