செக் என்ஜின் விளக்கு எரியுதா? உங்க காருக்குள் இருக்கும் நெர்ன்ஸ்ட் யார் தெரியுமா?

நந்தனம் சிக்னல். மாலை நேர டிராஃபிக். 15 வருஷப் பழைய பெட்ரோல் கார் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டில் திடீரென மஞ்சள் நிறத்தில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. மைலேஜும் கொஞ்ச நாளாகவே சரியில்லை.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுகிறார். ஆக்ஸிஜன் சென்சார் பக்கம் கோளாறு என்று காட்டுகிறது. உடனே சென்சாரை மாற்றுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் காலி. ஆனால் அடுத்த வாரமே அதே விளக்கு மறுபடியும் எரியுது!

தப்பு எங்கே நடந்தது? இதைப் புரிந்துகொள்ள, அந்த சென்சாருக்கு அடித்தளம் போட்ட ஒரு ஜெர்மன் விஞ்ஞானியின் கதையைத் தெரிந்துகொள்ளணும். அவர் பெயர் வால்தர் நெர்ன்ஸ்ட்.

யார் இந்த நெர்ன்ஸ்ட்?

பிளஸ் 2 வேதியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் கட்டாயம் நினைவிருக்கும். மின்வேதியியல் பாடத்தில் வருமே நெர்ன்ஸ்ட் சமன்பாடு, அதைக் கொடுத்தவர்தான்.

1864 ஜூன் 25-ம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் பிரீசன் ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. இளம் வயதில் கவிஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், கடைசியில் அறிவியல் பக்கம் வந்துவிட்டார். லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்டிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1889-ல், 25 வயதிலேயே அந்தச் சமன்பாட்டை வெளியிட்டார். ஒரு கரைசலில் இரண்டு பக்கமும் பொருளின் அளவு வேறுபட்டால் எவ்வளவு மின்னழுத்தம் உண்டாகும் என்பதைச் சொல்லும் கணக்கு அது.

ஒரு மில்லியன் மார்க் விளக்கு

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1897-ல் புது வகை மின்விளக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்றைய எடிசன் பல்புகளில் கார்பன் இழை இருந்தது. நெர்ன்ஸ்ட் அதற்குப் பதிலாக சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளில் செய்த சின்னக் குச்சியை வைத்தார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழ் தேவையில்லை. வெளிச்சமும் அதிகம்.

ஆனால் ஒரு சிக்கல். குளிர்ந்த நிலையில் சிர்கோனியாவில் மின்சாரம் பாயாது. முதலில் சூடாக்கினால்தான் விளக்கு எரியும். அதற்காகவே விளக்குக்குள் தனியாக ஒரு ஹீட்டர் கம்பி வைக்க வேண்டியிருந்தது.

இந்த உரிமையை ஏ.இ.ஜி. நிறுவனத்துக்கு ஒரு மில்லியன் மார்க்குக்கு விற்றார். பேராசிரியர் ஒரே நாளில் பணக்காரர்! கார் மேல் அவருக்குப் பெரிய பைத்தியம். கோட்டிங்கனில் முதன்முதலில் கார் வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். மேட்டில் ஏற பவர் போதவில்லை என்று என்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்திப் பார்த்த ஆள் அவர்.

ஆனால் விளக்கு நிலைக்கவில்லை. சில வருஷங்களிலேயே டங்ஸ்டன் இழை பல்பு வந்தது. சுவிட்சைப் போட்டதும் எரிந்தது, விலையும் குறைவு. நெர்ன்ஸ்ட் விளக்கு மார்க்கெட்டை விட்டே போய்விட்டது.

தோற்ற பொருள் காருக்குள் வந்தது எப்படி?

தோற்றது விளக்குதான், சிர்கோனியா இல்லை. சூடான சிர்கோனியாவுக்குள் ஆக்ஸிஜன் அயனிகள் நகரும். ஒரு பக்கம் வெளிக்காற்று, இன்னொரு பக்கம் புகை என்றால், இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் உண்டாகும். எவ்வளவு உண்டாகும்? அதே நெர்ன்ஸ்ட் சமன்பாடுதான் பதில்.

இதை வைத்து பாஷ் நிறுவனம் தயாரித்த சென்சார் 1976-ல் வோல்வோ கார்களில் வந்தது. சென்னைக்கு இதற்கான வழி 1995 ஏப்ரலில் திறந்தது. சென்னை உட்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாக, ஈயம் இல்லாத பெட்ரோலும் பங்க்குகளுக்கு வந்தது. ஈயம் படிந்தால் கன்வெர்ட்டரும் போய்விடும், சென்சாரும் போய்விடும்.

சரி, சென்சார் போச்சா இல்லையா? எப்படி கண்டுபிடிப்பது?

சென்சார் செய்தி சொல்லும் ஆள் மட்டுமே. கெட்ட செய்தி சொன்னால் அது கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை.

முதல் விஷயம், சூடு. நெர்ன்ஸ்ட் விளக்கு மாதிரியே இந்த சென்சாரும் சுமார் 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் வேலை செய்யும். என்ஜின் சூடாகாமல் சோதித்தால் நல்ல சென்சார்கூட செத்த மாதிரிதான் தெரியும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் ஹீட்டர். அந்தக் கம்பி அறுந்திருக்கலாம், அதற்கான ஃபியூஸ் போயிருக்கலாம், பிளக்கில் தண்ணீர் இறங்கி பாசி பிடித்திருக்கலாம். ஃபியூஸையும் பிளக்கையும் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

மூன்றாவது, சிக்னல். சாதாரண பழைய பெட்ரோல் கார்களில் இது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே மாறி மாறி ஆடிக்கொண்டே இருக்கணும். பெட்ரோல் அதிகமானால் மேலே போகும், காற்று அதிகமானால் கீழே வரும். ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தி விட்டால், ஏறி இறங்கணும். அப்படி ஆடினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது.

எப்போதும் கீழேயே நின்றால்? இன்டேக் பக்கம் காற்று லீக், சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை, அடைத்துப்போன இன்ஜெக்டர், அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்ப் என்று பல காரணம் இருக்கலாம். பிளக் சரியாக எரியாவிட்டாலும் பயன்படாத ஆக்ஸிஜன் புகையில் வரும். சென்சார் அதையும் காற்று அதிகம் என்றே சொல்லும். இவை எதையும் பார்க்காமல் ஜி.பி. ரோட்டில் புது சென்சார் வாங்கி மாட்டினால், அதுவும் அதே செய்தியைத்தான் சொல்லும்!

புகழும் இழப்பும்

நெர்ன்ஸ்ட் 1905-ல் பெர்லினுக்குப் போனார். வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி என்று நாம் படிக்கும் கருத்தை அங்கேதான் முன்வைத்தார். 1914-ல் முதல் உலகப் போர் வந்தபோது 50 வயதில், சொந்தக் காருடன் ராணுவத்துக்கு ஓட்டுநராகப் போனார். எரிச்சலூட்டும் ரசாயனக் குண்டு ஆய்விலும் ஈடுபட்டார். அந்தப் போர் அவரது இரண்டு மகன்களையும் பலி கொண்டது.

1920-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஓய்வு பெற்று கிராமத்து வீட்டுக்குப் போய்விட்டார். யூதர்களை மணந்திருந்த இரண்டு மகள்கள் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 1941 நவம்பர் 18-ம் தேதி, 77 வயதில் இறந்தார்.

அவர் விளக்கை இன்று யாரும் வாங்குவதில்லை. ஆனால் அண்ணா சாலையில் ஓடும் எத்தனையோ பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் அதே சிர்கோனியா சூடாகிக்கொண்டிருக்கிறது.

அதனால் அடுத்த தடவை அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், உடனே சென்சாரை மாற்றச் சொல்லாதீங்க. என்ஜினைச் சூடாக்கிப் பார்த்தாச்சா, ஹீட்டர் வேலை செய்யுதா, எங்காவது லீக் இருக்கா என்ற மூன்று கேள்வியை மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்க. உங்க பணம் மிச்சமாகலாம்.