அலைவரிசைத் தாவலுக்குக் காப்புரிமை பெற்ற ஹாலிவுட் நடிகை ஹெடி லாமர்

புளூடூத் ஒலிக்கருவியும் கைப்பேசியும் தொடர்பில் இருக்கும்போது, 79 அலைவரிசைகளுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை வரை இரண்டும் ஒருசேரத் தாவுகின்றன. ஒன்று தாவி மற்றொன்று பின்தங்கினால் தொடர்பு அறுந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு 1941-ஆம் ஆண்டிலேயே ஒரு தீர்வை முன்வைத்த இருவரில் ஒருவர், ஹாலிவுட்டின் முன்னணி நடிகை ஹெடி லாமர்.

வியன்னாவில் 1914 நவம்பர் 9-ஆம் தேதி பிறந்த அவரது இயற்பெயர் ஹெட்விக் கீஸ்லர். ஆயுத உற்பத்தியாளர் ஃபிரிட்ஸ் மாண்டலை 1933-இல் மணந்தார். கட்டுப்பாடுகள் மிகுந்த அந்த மணவாழ்வை உதறி 1937-இல் வெளியேறிய அவர், எம்ஜிஎம் நிறுவனத்தில் ஒப்பந்தமாகி அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டே 'அல்ஜியர்ஸ்' திரைப்படம் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, கப்பலைத் தாக்கும் டார்பிடோவை வானொலி அலையால் இயக்கும் வழியை அவர் ஆராய்ந்தார். ஒரே அலைவரிசையில் கட்டளை அனுப்பினால், எதிரி அதைக் கண்டறிந்து குறுக்கீடு செய்துவிடலாம். அலைவரிசையை ஓயாமல் மாற்றினால் அது கடினம். ஆனால் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே கணத்தில் மாறுவது எப்படி?

இங்கே கைகொடுத்தவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைல். தானியங்கி பியானோக்களுக்கு இசை அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அந்தப் பியானோவில் உள்ளதுபோன்ற துளையிட்ட காகிதச் சுருள் கப்பலில் ஒன்றும் டார்பிடோவில் ஒன்றும் வைக்கப்படும். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும். பியானோ கட்டைகளின் எண்ணிக்கையைப் போலவே 88 அலைவரிசைகள். 1942 ஆகஸ்ட் 11-இல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையோ அதை அப்போது ஏற்கவில்லை. போர்க்கடன் பத்திர விற்பனைக்கு மட்டும் அவரது புகழ் பயன்பட்டது. 1959-இல் காப்புரிமை காலாவதியானது.

வைஃபையைக் கண்டுபிடித்தவர் அவரே என்று இன்று பரவும் செய்தி மிகையானது. அலைவரிசை மாற்றும் எண்ணம் அவருக்கு முன்பும் இருந்தது. இரு முனைகளையும் ஒத்திசைக்கச் சுருளைப் பயன்படுத்தியதே இவர்களது பங்களிப்பு.

அந்தச் சிக்கல் இன்றைய சிறு மின்சுற்றுப் பலகைகளிலும் தொடர்கிறது. காகிதச் சுருளின் இடத்தில் இப்போது எண் வரிசை இருக்கிறது. ஆனால் வெப்பநிலையும் மின்னழுத்தமும் மாறினால் அலையியற்றியின் அதிர்வெண்ணும் நகரும். ஆகவே அதற்கு அளவுத்திருத்தம் தேவை. ஒவ்வொரு தாவலின்போதும் அதைச் செய்தால் நேரம் வீணாகும். எனவே எல்லா அலைவரிசைகளுக்கும் முன்கூட்டியே திருத்தம் செய்து, அந்த மதிப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தாவும்போது எடுத்துப் பயன்படுத்தும் முறையைப் பொறியாளர்கள் கையாளுகின்றனர்.

1997-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அமைப்பு அவரைக் கௌரவித்தது. 2000 ஜனவரி 19-ஆம் தேதி ஃபுளோரிடாவில் ஹெடி லாமர் காலமானார். 2014-இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் புகழரங்கில் இருவரது பெயரும் இடம்பெற்றன. காப்புரிமை காலாவதியான அதே 1959-இல் ஆந்தைல் மறைந்திருந்தார்.