பட்டம் வாங்காத ஒரு கல்லூரி மாணவர்

மலர்க் குழுவினர் மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னபோது, வள்ளல் அழகப்பரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அவரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்ம செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது பேராயர் அசரியாவை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

காரைக்குடியில் எங்கள் சபை சிறியது. பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காக வருவார்கள். அப்புறம் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பிலே ஒரு காவல்காரர் மட்டும் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி ஆலயத்தில் முன்வரிசையில் நரைத்த தலைகளாய் நாங்கள். இதைப் பற்றிப் பேசாத கமிட்டிக் கூட்டம் கிடையாது. அப்படி ஒரு கூட்டம் முடிந்து வந்த இரவில்தான் அசரியாவின் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ந் தேதி, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற தேரிக்காட்டுக் கிராமத்தில் பிறந்தார். தந்தை அந்த ஊர்க் குருவானவர். பையனுக்குப் பதினைந்து வயது ஆகுமுன்போ பின்போ, 1889ல், தந்தை காலமாகிவிட்டார். மெஞ்ஞானபுரம், திருநெல்வேலி என்று படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பட்டணத்துக்குள்ளேயே இருந்தது. இறுதித் தேர்வு நேரத்தில் நோய் வந்து படுத்துவிட்டார். பி.ஏ. பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். பழைய மாணவர் மலரில் இதை எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்தான். அரியர் வைத்த நண்பர்கள் மன்னிக்கவும்!

1895ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர் வேலை. பதினான்கு ஆண்டுகள் தென்னாடு முழுக்க வாலிபர்களோடுதான் அவருக்குப் பொழுது போயிற்று. 1898ல் அன்பு மாரியம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படி ஏறிய முதல் சிலரில் அந்த அம்மாள் ஒருவர்.

1902ல் யாழ்ப்பாணம் போனார். இனிமேல் வருவது நம்ம பக்கத்துச் செய்தி. அங்கே தமிழ் மாணவர்கள் தாங்களே ஒரு சங்கம் வைத்து, தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டி ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எந்த ஊருக்கு? நம்ம தொண்டிக்கு! தேவகோட்டை, திருவாடானை வழியாக பஸ் ஏறிப் போவோமே, அதே தொண்டி. நான் எத்தனையோ முறை அங்கே போய் மீன் வாங்கி வந்திருக்கிறேன். இந்தச் சங்கதி தெரியாமலே.

அசரியாவுக்கு அது உறைத்தது. திருநெல்வேலிச் சபை யாழ்ப்பாணத்துக்கு எந்த வகையிலும் சின்னதல்ல. ஆனாலும் வெள்ளைக்காரர் அனுப்புவதை வாங்கிக்கொண்டிருந்ததே தவிர, தான் யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஊர் திரும்பி, 1903 பிப்ரவரி 12ந் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானார். ஆளும் நம்மவர், காசும் நம்மவர் காசு, நிர்வாகமும் நம்மவர் கையில். அவருக்கு அப்போது வயது 28. எங்கள் கமிட்டியில் அந்த வயதுக்காரனுக்கு நாற்காலி அடுக்கும் வேலைதான் கிடைக்கும். இந்தச் சங்கம் தெரிந்துகொண்ட இடம் நிஜாம் சீமையில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி. 1905ல் கிறிஸ்துமஸ் தினத்தன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அவர் முன்னால் நின்றார்.

வாலிபர்களைப் போகச் சொல்லிக்கொண்டே தான் சென்னையில் இருப்பது அவருக்கு உறுத்தியது. 1909ல் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு, 35ஆம் வயதில் தெலுங்கு அரிச்சுவடியோடு தோர்ணக்கல் போனார். மறு வருடம் எடின்பரோ உலக மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் செய்த தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்ற பொருளில் பேசினார். மண்டபத்தில் பலருக்கு முகம் சுருங்கியதாம். 1912 டிசம்பர் 29ந் தேதி கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அதை எதிர்த்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

தோர்ணக்கலில் அவர் செய்ததுதான் எனக்குப் பாடம். படிப்பறிவில்லாத ஏழைகள் ஞானஸ்நானம் பெறும்போதே, சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற கருத்தில், தங்கள் தலையில் கை வைத்து உறுதி சொல்ல வைத்தார். நேற்று வந்தவனுக்கும் இன்றே வேலை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்து வைக்கப் பெண்கள் பழகினார்கள். விடுதிப் பிள்ளைகள் படிப்போடு வயல் வேலையும் கற்றார்கள். 1935 வாக்கில் அந்தத் திருமண்டலத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும் 2,000க்கு மேற்பட்ட கிராம உபாத்தியாயர்களும் இருந்தார்கள். 1939 ஜனவரியில் பேராலயம் பிரதிஷ்டையானது. 1945 ஜனவரி முதல் தேதி தோர்ணக்கலிலேயே கண்மூடினார். அவர் பாடுபட்ட சபை ஐக்கியம், தென்னிந்திய திருச்சபையாக 1947 செப்டம்பரில் நிறைவேறியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன் நான் சபைப் பொருளாளராக இருந்தபோது, ஒரு தம்பி வந்து, அறுப்பின் பண்டிகையை இந்த வருடம் வாலிபர்களே நடத்துகிறோம், கணக்கையும் நாங்களே பார்க்கிறோம் என்று கேட்டான். பந்தலைப் பாருங்கப்பா, கணக்கெல்லாம் பெரியவங்க பாத்துக்குவோம் என்று அனுப்பிவிட்டேன். பந்தலை அருமையாகப் போட்டான். அதற்கப்புறம் ஆலயத்தில் அவனைப் பார்க்கவில்லை. இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். போன வருடம் போன் பண்ணி, அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று சொன்னேன். எனக்கு மறந்தே போச்சு அண்ணே என்றான். மறக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

இந்த வருடம் அறுப்பின் பண்டிகைக் கணக்கு நோட்டைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். ஏலம் முடிந்த ராத்திரி 340 ரூபாய் இடித்தது. என் கை பரபரத்தது, நோட்டை வாங்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு பூசணிக்காயை நான்தான் ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் வந்திருக்கிறேன்.