மைதானத்தை வகுப்பறையாக்கிய பக் துரை

பி.டி. வாத்தியார் என்றதுமே நம் எல்லோர் காதிலும் ஒரு விசில் சத்தம் கேட்கும். திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் படிக்க வந்தவராக இருந்தாலும் சரி, அந்த விசிலுக்கு ஓடாத கால் கிடையாது. அந்த வாத்தியார்களுக்கெல்லாம் ஒரு வாத்தியார் இருந்தார். அவர்தான் ஹாரி குரோ பக்.

1884ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வி படித்தார். 1891ல் கூடைப்பந்து பிறந்ததும் அந்த ஊரில்தான்! 1919ல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காகச் சென்னை வந்து சேர்ந்தார்.

அந்நாளில் நம் பள்ளிகளில் விளையாட்டு என்றாலே பெரும்பாலும் டிரில்தான். பட்டாளத்தில் இருந்து வந்தவர் அதட்ட, பிள்ளைகள் வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்குவார்கள். அவ்வளவுதான், பீரியட் முடிந்தது. கணக்குச் சொல்லித்தரப் படித்த ஆள் வேண்டும் என்றால், விளையாட்டுச் சொல்லித்தர மட்டும் வேண்டாமா? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1920ல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் பக். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். துணைக்கு மனைவி மேரி. அதுதான் இன்று நந்தனத்தில், அடையாற்றங்கரையில் நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி.

மேல்நாட்டு ஆட்டங்களை மட்டும் அவர் இங்கே இறக்குமதி செய்யவில்லை. வாலிபாலும் கூடைப்பந்தும் ஒரு பக்கம், நம்ம ஊர் தண்டால், பஸ்கி, சடுகுடு இன்னொரு பக்கம். தெருவில் வாய்மொழியாக இருந்த ஆட்டத்துக்கும் விதி உண்டு, கோடு உண்டு, நடுவர் உண்டு என்று சொல்லிக்கொடுக்கும் காலம் பிறந்தது.

1924ல் டில்லியில் அகில இந்தியப் போட்டிகள் நடந்தன. அதில் தேறிய வீரர்களைப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு மேலாளராக அழைத்துப் போனவர் பக். திரும்பி வந்தும் சும்மா இருக்கவில்லை. மாகாணம் மாகாணமாகச் சுற்றி ஒலிம்பிக் சங்கங்கள் அமையப் பாடுபட்டார். 1927ல் சர் டோராப்ஜி டாட்டா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதில் அவருடைய உழைப்பும் உண்டு. 1943ல் மறைந்தார்.

இன்றைக்குச் சுற்றுலா மேலாண்மை, நிகழ்ச்சி மேலாண்மை என்று புதுப்புதுப் பாடங்கள் வந்துவிட்டன. 2005ல் உடற்கல்விக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. ஓய்வையும் விளையாட்டையும் முறையாகக் கற்பிக்கலாம் என்று இந்த மண்ணில் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் பக்.

ஆனால் ஒன்று. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு பீரியட்தான். மற்ற பாடத்து ஆசிரியர் சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார்! இங்கிருந்து ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் போன நண்பர்களே, போகப்போகிற தம்பி தங்கைகளே, உங்கள் பள்ளியில் அந்த ஒரு பீரியடை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக் துரைக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுதான்.