டிக்கன்ஸ் நடத்திய வீடு

சார்லஸ் டிக்கன்ஸ் பெரிய நாவலாசிரியர் என்பது எல்லோருக்கும் தெரியும். வழி தவறிய பெண்களுக்காக லண்டனில் அவர் ஒரு வீடு நடத்தியது பலருக்குத் தெரியாது.

1812-ல் பிறந்த டிக்கன்ஸுக்கு 12 வயதானபோது, தந்தை கடனுக்காகச் சிறை சென்றார். பூட்ஸ் மை தயாரிக்கும் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிப் பிழைத்தான் சிறுவன். அந்த அவமானம் கடைசிவரை அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

சிறையிலிருந்து விடுதலையாகும் பெண்கள் போக்கிடமின்றி மறுபடியும் தெருவுக்கே போவதை அவர் கண்டார். 1846-ல், ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்ற கோடீசுவரச் சீமாட்டிக்கு இதுபற்றி நீண்ட கடிதம் எழுதினார். சீமாட்டி பணம் தந்தார், திட்டம் டிக்கன்ஸுடையது. 1847 நவம்பரில், ஷெப்பர்ட்ஸ் புஷ் என்னுமிடத்தில் 'யுரேனியா காட்டேஜ்' திறக்கப்பட்டது.

பசிக்குத் திருடிய தையல்காரிகள், அநாதைகள், தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. ஒரே சமயத்தில் 13 பேர்தான். ஒவ்வொருத்தியின் கதையையும் டிக்கன்ஸே கேட்டு ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பிறகு அதைப்பற்றி யாரும் பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்! சமையல், தையல், எழுத்து, படிப்பு எல்லாம் உண்டு. உடையில் நல்ல நிறம் இருக்கவேண்டும் என்று டிக்கன்ஸ் வாதாடினார். துக்கம் கொண்டாடவா வந்தார்கள் அந்தப் பெண்கள்?

அடி உதை இல்லை, மார்க் உண்டு. உண்மை, உழைப்பு, சுத்தம் முதலிய 9 குணங்களுக்குத் தினந்தோறும் மார்க் போடுவார்கள். சேர்ந்த மார்க்குக்குப் பணம் கணக்கில் ஏறும். சிவப்பு மையில் ஒரு கெட்ட மார்க் விழுந்தால் 40 நல்ல மார்க் போய்விடும். ஆனாலும் மறுநாளே மீண்டும் சேர்க்கத் தொடங்கலாம். சிறையில் இல்லாத வசதி இதுதான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழிந்ததும் ஆஸ்திரேலியா போன்ற தூரதேசங்களுக்குக் கப்பல் ஏற்றுவார்கள். புது வாழ்வுதான், ஆனால் பிறந்த மண்ணை விட்டுப்போவதே அதற்கு விலை! மனமில்லாமல் திரும்பியவர்களும் உண்டு. சுவரேறி ஓடியவர்களும் உண்டு. 1853-ல் டிக்கன்ஸ் கணக்குப் பார்த்தார். அதுவரை வந்தவர்கள் 56 பேர். கடல் கடந்து நல்லபடி வாழ்ந்தவர்கள் 30 பேர். அவர்களில் 7 பேருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. தோற்றவர்களையும் அவர் மறைக்கவில்லை.

1858-ல் டிக்கன்ஸ் தம் மனைவி காதரினைப் பிரிந்தார். பிறருடைய பெண்களுக்கு வீடு அமைத்தவரின் சொந்த வீடு உடைந்தது. சீமாட்டியுடன் இருந்த நட்பும் தளர்ந்து, இல்லத்துடன் தொடர்பு அற்றது. 1862-ல் இல்லமும் மூடப்பட்டது. 1870-ல் டிக்கன்ஸ் காலமானார்.

பெண்களின் கதைகளை அவர் எழுதிவைத்த அந்தப் புத்தகம் இன்றுவரை கிடைக்கவில்லை.