ஃபெயில் ஆன ராமானுஜனும் என் குரூப் லெட்டரும்



இந்த மாதம் கணித மேதை ராமானுஜன் பற்றி எழுத என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சொன்ன அன்னிக்குத்தான் முதல் மிட் டெர்ம் பேப்பர் கைக்கு வந்தது. கணக்கில் 50-க்கு 46. உயிரியலில் 11! குரூப் மாறுவதாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் அப்பா கையெழுத்தோடு லெட்டர் தரணும் என்று வகுப்பாசிரியர் சொன்னார். அந்த மூடில் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது இது.

ராமானுஜன் 22.12.1887-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கெழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, 1903-ல், கார் என்பவர் எழுதிய ஒரு கணக்குப் புத்தகம் அவர் கையில் கிடைத்தது. சுமார் 5,000 சூத்திரங்கள், விளக்கம் ரொம்பக் குறைவு. ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தார். அதோடு மற்ற பாடமெல்லாம் போச்சு.

1904-ல் பரிசும் உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேறவில்லை. உதவித்தொகை நின்றுபோனது. அம்மா முதல்வரிடமே நேரில் போய்ப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. சம்பளம் கட்டிப் படிக்க வீட்டில் வசதி இல்லை. கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். வீட்டில் என்ன பாடுபட்டிருப்பார்கள்! திரும்பி வந்தபோது வருகைப் பதிவு போதவில்லை. அந்த வருஷம் வீண்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. நடுவில் உடம்பு சரியில்லை. கணக்கில் யாரும் கிட்டே வர முடியாது. உடற்கூறு பாடத்தில்தான் விழுந்தார் (நம்ம உயிரியல் மாதிரிதான், படிச்சதும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்). 1906 டிசம்பரில் ஃபெயில். 1907-ல் மறுபடி எழுதி மறுபடி ஃபெயில். கல்லூரிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

மார்க் குறைஞ்சா உடனே எல்லாரும் ராமானுஜனே ஃபெயில்தான் என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று யாரும் சொல்வதில்லை. 1909-ல் ஜானகியோடு கல்யாணம். வேலை இல்லை. டியூஷன் எடுத்தார். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய மனிதர் வீடாக ஏறி இறங்கினார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில்தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். கடைசியாக ஃபெயில் ஆனதிலிருந்து கணக்குப் போட்டால் நாலு வருஷத்துக்கு மேல். இதில் ஆறுதலுக்கு என்ன இருக்கு?

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருஷம் மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1916-ல் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் கொடுத்தார்கள். உடற்கூறு கேட்கவில்லை! 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-ல் நோயோடு ஊர் திரும்பி, 26.4.1920-ல் சென்னையில் இறந்தார். வயது 32 தான்.

எழுதி முடித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. எஃப்.ஏ.வில் ஒரு பாடத்தில் விழுந்தாலும் மொத்தமும் ஃபெயில். உடற்கூறை மட்டும் விட்டுட்டு கணக்கைப் படிக்கிறேன் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. அதனால்தான் ஓடியே போனார்னு நினைக்கிறேன். எனக்கு ஒரு லெட்டர் போதும். அதைக்கூட அப்பாகிட்ட நீட்ட மூணு நாள் பயந்தேன்.

ஞாயிறு ராத்திரி நீட்டினேன். 11 மார்க் பேப்பரையும் சேர்த்துத்தான். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். டாக்டர் ஆகணும்னு ஆசைப்பட்டது அவர்தான். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. இந்த வாரத்துக்குள் பேசணும்.

இப்போது நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நாலு பக்கம் மட்டும் எழுதின உயிரியல் ரெக்கார்டு நோட்டு ஒன்று இருக்கு. அட்டை போட்டது. வேண்டியவர்கள் கேளுங்கள்.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன்